பின்னால் தெரியாத கார்

முதலாளி இருந்தார், பட்டு வேட்டியில். அவர் சம்சாரம் இருந்தார். அவரை நாங்கள் அம்மா என்போம். கணக்கப்பிள்ளை இருந்தார், கையில் பூசைத் தட்டோடு. வண்டிப் பூசை போடும் பூசாரி இருந்தார். தேங்காய்க் கடை அக்கா இருந்தார். ஒரு குரங்கு இருந்தது. அதையும் சேர்க்க வேண்டும், கடைசி வரை அது போகவில்லை. அப்புறம் நான். நான் டிரைவர். அன்று சாயங்காலம் வரைக்கும்தான் டிரைவர் என்று பேச்சு.

அழகர்கோவிலில், ஒரு வெள்ளிக்கிழமை காலை. எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ.

என் வேலைக்கு உலை வைத்தது ஒரு கார். முதலாளி வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பந்தயக் கார். தரையோடு தரையாக இருக்கும். என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவு உயரம்தான். எஞ்சின் முன்னாலும் இல்லை, டிக்கியிலும் இல்லை. சீட்டுக்கு முதுகுப் பக்கம், வண்டியின் நடுவில்.

"இதுக்கு டிரைவர் எதுக்குய்யா?" என்றார் முதலாளி. "ரெண்டே சீட்டு. எனக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு. நீ கூரை மேல உக்காந்து வருவியா?"

"சரி முதலாளி" என்றேன். வேறென்ன சொல்ல.

பழைய பெரிய காரைச் சமயநல்லூர்க்காரர் ஒருவர் விலை பேசியிருந்தார். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அதன் சாவியை ஆபீஸ் ஆணியில் மாட்டிவிட்டு நான் போய்க்கொள்ளலாம். வீட்டில் மூன்று பிள்ளைகள். திரும்ப லாரிக்குப் போக இடுப்பு ஒத்துக்கொள்ளாது.

அந்தப் புதுக் காரை முதலில் ஓட்டியவன் நான்தான். கூட்ஸ் ஷெட்டிலிருந்து பங்களாவுக்குக் கொண்டு வந்தேன். முதலாளியிடம் வருவதற்கு முன்னால் ஆறு வருசம் சோழவந்தான் வெற்றிலை லாரி ஓட்டியவன். லாரியில் உட்கார்ந்தால் மாடியில் என்ன துணி காய்கிறது என்பது வரை தெரியும். இதில் உட்காரவில்லை, படுத்தேன்.

முன்னால் குறை சொல்ல முடியாது. மூக்கு சரிந்து கிடப்பதால் ரோடு காலுக்கடியிலேயே ஓடி வரும். கல் கிடந்தால் கல் தெரியும். சாணி கிடந்தால் சாணி தெரியும். பக்கத்தில் பார்த்தால் பஸ் சக்கரம், மாட்டு வயிறு, சைக்கிள் பெடல். ஆளின் முகம் தெரிய வேண்டுமானால் அந்த ஆள் குனிய வேண்டும். நடுரோட்டில் நின்ற போலீஸ்காரரின் பெல்ட் தெரிந்தது. கையை எந்தப் பக்கம் காட்டினார் என்று தெரியவில்லை. பெல்ட் திரும்பிய பக்கம் போனேன்.

பின்னால்தான் விசயம். எஞ்சினுக்கு மேலே ஒரு பெரிய மூடி. மூடிக்கும் கூரைக்கும் நடுவே வெற்றிலை அகலத்தில் ஒரு கண்ணாடி. மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்தால் பாதி மூடி, பாதி வானம். பின்னால் லாரியே நின்றாலும் தெரியாது. எஞ்சின் காதோரத்தில் இரைவதால் பின்னால் கத்துகிற கத்தலும் கேட்காது.

"எப்படிய்யா இருக்கு?" என்று முதலாளி கேட்டார்.

"முன்னாடி நல்லாத் தெரியுது முதலாளி" என்றேன். பின்னாடியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

பங்களாவுக்கு இரண்டு கேட். ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியே வரலாம். அதனால் ஒரு வாரம் ஓட்டியும் அவருக்கு ரிவர்ஸ் போடும் வேலை வரவில்லை.

அழகர்கோவிலில் வந்தது. அம்மாவோடு முன்னால் வந்தவர், நிழலுக்காக ஒரு புளிய மரத்தில் மூக்கு முட்டுகிற மாதிரி நிறுத்திவிட்டார். பழைய காரில் கணக்கப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு நான் பின்னால் வந்து ஓரமாக நிறுத்தினேன். பூசாரி எலுமிச்சம்பழத்தோடு வந்து மரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"ஐயா, பழத்தை நசுக்கிக்கிட்டு வண்டி முன்னாடிதான் போகணும். இங்கன வச்சா மரத்துலல்ல ஏறும். திருப்பி நிப்பாட்டுங்க."

"டிரைவர்ட்ட குடுத்தா திருப்பிருவாரு" என்றார் கணக்கப்பிள்ளை.

"என் வண்டி. நான்தான் திருப்புவேன்" என்றார் முதலாளி.

கியரைப் போட்டார். கழுத்தை வலது பக்கம் திருப்பினார், இடது பக்கம் திருப்பினார். கண்ணாடியைப் பார்த்தார். சூடான மூடியில் குரங்கு ஏறி உட்கார்ந்திருந்தது. கண்ணாடி முழுக்க அதன் முதுகுதான் தெரிந்திருக்கும். ஹாரன் அடித்தார். ஹாரன் முன்னால் இருக்கிறது, குரங்கு பின்னால் இருக்கிறது. அது நகரவில்லை.

அப்புறம் கதவைத் திறந்தார். பாதி உடம்பை வெளியே எடுத்து வாசல் விளிம்பில் உட்கார்ந்தார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கால் கிளச்சில், தலை பின்னால். வண்டி ஒரு பக்கம் போக, வேட்டி ஒரு பக்கம் போனது. பக்கத்துச் சீட்டில் அம்மா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, காய் வேணும்னா கேட்டா நானே கொண்டாந்து தாரேனே" என்றார் தேங்காய்க் கடை அக்கா. "எதுக்குக் கடைக்குள்ள வாரீக?"

பூசாரி வரலாம் என்றார். கணக்கப்பிள்ளை நிறுத்தச் சொன்னார். எதுவும் முதலாளிக்குக் கேட்கவில்லை. தேங்காய்க் கூடைக்குச் சாண் தூரத்தில் வண்டி தானாக ஆஃப் ஆனது. அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு மறுபடி முன்னால் கொண்டுபோய் மரத்தடியில் நிறுத்தினார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"நீ என்ன வேடிக்கை பாக்குற?" என்றார் அம்மா. "போய்ச் சொல்லு."

போய் வண்டிக்கு முன்னால், மரத்தை ஒட்டி நின்றேன்.

"பின்னாடி போய் நில்லுய்யா" என்றார் முதலாளி.

"பின்னாடி நின்னா உங்களுக்குத் தெரியாது முதலாளி."

நான் முன்னால் நின்றபடியே கூரைக்கு மேலாகப் பின்பக்கம் பூராவும் பார்க்க முடிந்தது. அவருக்குத் தெரிந்தது என் சட்டையின் கடைசி இரண்டு பித்தான். அதனால் கையை வயிற்றுக்கு நேராக வைத்தேன். விரித்தால் பின்னால் வரலாம், மடக்கினால் நிறுத்த வேண்டும். லாரியாக இருந்தால் பாடியில் தட்டிச் சொல்லியிருப்பேன். இதில் விரல் படக்கூடாது என்று உத்தரவு.

மூன்று தடவை பின்னால் எடுத்தால் திரும்பிவிடும் இடம் அது. முதல் இரண்டும் ஒழுங்காகத்தான் சொன்னேன். மூன்றாவதில் ஆபீஸ் ஆணி ஞாபகம் வந்தது. கூடைக்கு நாலு முழம் இருக்கும்போதே கையை மடக்கினேன்.

முதலாளி நிறுத்தினார். முன்னால் வந்தார். ஸ்டியரிங்கை ஒடித்தார். அது நின்ற இடத்தில் கல் மாதிரி கனக்கும். மறுபடி கையை விரித்தேன். மறுபடி சீக்கிரமே மடக்கினேன். சந்தேகப்படுவதற்குக்கூட ஆளுக்குப் பின்னால் தெரிய வேண்டும். அவருக்கு என் பித்தான்தான் தெரிந்தது. குரங்கு போக வர மேலேயே சவாரி செய்தது.

பாதியில் அம்மா கதவைத் திறந்து இறங்கினார். முதுகுப் பக்கம் சேலை நனைந்து ஒட்டியிருந்தது.

"உள்ள அடுப்புல உக்காந்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பழைய காரில் போய் உட்கார்ந்து நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டார். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் கையை விரித்து மடக்கினேன். பூசாரி வெயிலைப் பார்த்தார். போதும் என்று பட்டது. அடுத்ததில் வண்டி திரும்பிவிட்டது.

பூசை நடந்தது. ஒரு பழத்தைக் குரங்கு எடுத்துக்கொண்டது, பூசாரி வேறு பழம் வைத்தார். நாலும் நசுங்கின.

"ஏறு" என்றார் முதலாளி அம்மாவிடம்.

"நான் இதுலயே வாரேன். இந்த வண்டி வீட்டுலயே இருக்கட்டும்."

"சமயநல்லூர்க்காரர்ட்ட சொல்லியாச்சே."

"அப்ப அந்த வண்டியக் குடுத்துருங்க."

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"நாளைக்கு எத்தன மணிக்கு வருவ?"

"எப்பயும் போல ஏழுக்கு முதலாளி."

"வா" என்றார். கணக்கப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நான் பின்னால் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியாது.

நான் சாவியைத் திருகும்போது தேங்காய்க் கடை அக்கா ஜன்னலருகே வந்தார்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரும் லாரிதான். மூணுல திரும்பியிருக்குமே."

"அப்படியா?"

"நார் நாராக் கிள்ளிப் போட்டு எண்ணிருக்கேன். நீ கையைக் காட்டுனது மட்டும் பதினாலு."

நான் ரோட்டைப் பார்த்தேன். பின் சீட்டில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"அவரு மொதல்ல தானா எடுத்ததச் சேக்கலையே" என்றார் அம்மா. "பதினஞ்சு."