கெளுத்திக்கு விழுந்த சீல்

எனக்கு வாய்க்கொழுப்பு கிடையாது, கைக்கொழுப்பு. வருஷா வருஷம் புதுப்பித்தால்தான் வேலை என்றிருக்கும் டிராயிங் டீச்சருக்கு ஆகவே ஆகாத வியாதி அது.

ஸ்கூல் கண்காட்சியில் எனக்கு ஒரு சுவர் கொடுத்தார்கள். ஜப்பான் மரக்கட்டை அச்சுப் படங்களைப் பற்றி வைத்தேன். அங்கே ஒரு காலத்தில் ஆட்சியில் இருப்பவர்களை வரையக்கூடாது. தணிக்கை முத்திரை விழுந்தால்தான் படம் கடைக்குப் போகும். ஓவியர்கள் சும்மா இருப்பார்களா? பேய், பூனை என்று வரைந்து தள்ளினார்கள். பூமிக்கடியில் கெளுத்தி மீன் புரண்டால் நிலநடுக்கம் வரும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. அந்தக் கெளுத்தியை வைத்தும் பெரிய மனிதர்களைக் கிண்டலடித்தார்கள். இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதினேன்.

அதோடு விட்டிருக்கலாம். நானே பிளைவுட்டில் செதுக்கி, மை தடவி, கரண்டியால் தேய்த்து எடுத்த படம் ஒன்றையும் பக்கத்தில் மாட்டினேன். சாக்கடைக் குழிக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கெளுத்தி, முறுக்கு மீசையோடு. எங்கள் ஸ்கூல் வாசலில் மாசக்கணக்காக மூடாத குழி. எங்கள் கவுன்சிலருக்கு முறுக்கு மீசை. வேணும்னேதான் செய்தேன், மறைப்பானேன்?

எங்கள் ஸ்கூல் சுவரில் எது ஏறினாலும் ஹெச்.எம். மேடத்தின் சீல் வேண்டும். போனில் பேசிக்கொண்டே எல்லாவற்றிலும் டக் டக்கென்று குத்திவிட்டார். எதையும் படிக்கவில்லை. சிறப்பு விருந்தினர் அதே கவுன்சிலர் என்று கண்காட்சியன்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் தமிழ் டீச்சர் அட்டையைப் படித்தார், படத்தைப் பார்த்தார். "பெருமாளே! இது நம்ம கவுன்சிலரோன்னோ!" என்று கத்தியேவிட்டார்.

ஹெச்.எம். ஓடி வந்தார். "என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? என் சீல் வேற இருக்கு! உங்க பேரை அடுத்த வருஷத்துக்கு எழுதணுமா வேணாமா? கழட்டுங்க!"

ஸ்டூலைத் தேடுவதற்குள் வாசலில் வெடிச் சத்தம். கவுன்சிலர் வந்துவிட்டார். இந்த வேலையும் போனால் ஐம்பது வயதில் யார் என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வார்கள்?

கெளுத்தி முன்னால் நின்றார். அட்டையை வாய்விட்டுப் படித்தார். படத்தைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"டீச்சர், இது அவர்தானே? போன தேர்தல்ல என்கிட்ட தோத்தாரே!"

தோற்றவர் எங்கள் தெருக்காரர், அவருக்கும் மீசை உண்டு. கொள்ளிடம் நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்த வருஷம், தன் வீட்டு மோட்டாரைத் தூக்கி வந்து எங்கள் வீட்டுத் தண்ணீரை இறைத்துக் கொடுத்தவர்.

ஹெச்.எம். என்னையே பார்த்தார்.

"ஆமாங்க சார்," என்றேன்.

படத்தோடு என்னையும் நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள். தோற்றவரின் பேரைப் போட்டு, வரைந்தவள் என்று என் பேரையும் போட்டு, சாயங்காலத்துக்குள் ஊர் வாட்ஸ்அப் குரூப் முழுக்கச் சுற்றவிட்டார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகும் பஸ்ஸில் வீடு திரும்பும்போது போனைத் திறக்கவே பயமாக இருந்தது. சீ, நானும் ஒரு மனுஷியா என்றிருந்தது.

மறுநாள் காலையில் பால் பூத்தில் அந்தத் தோற்றவர் நின்றிருந்தார். திரும்பி ஓடலாமா என்று பார்த்தேன், அதற்குள் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து, அடுத்தவர் காதில் விழாதபடி கேட்டார்.

"படத்தைப் பார்த்தேங்க டீச்சர். உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துடலையே?"