முடிவெடுக்கும் இயந்திரமும் என் மகளும்

இன்று சுவா சூ காங் நிலையத்தில் மகளோடு ரயில் ஏறியதும், அவள் விடாமல் பார்க்கும் ஜப்பானிய அனிமே தொடரைப் பற்றி ரசிகர்கள் இணையத்தில் எழுதியதைப் படித்தேன். யார் என்ன படிப்பது, என்ன வேலை பார்ப்பது என்பதையெல்லாம் அந்தக் கதையில் ஓர் இயந்திரமே முடிவுசெய்கிறது.

“சுதந்திரமில்லாத நரகம்” என்றே பலரும் எழுதியிருந்தார்கள்.

ஒருவர் மட்டும், “எனக்கு அங்கே இடம் கிடைக்குமா?” என்று கேட்டிருந்தார். எழுதியவர் பெயரைப் பார்த்தேன்: பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகளின் பெயர்.

“இது நீயா எழுதின?”

“ஆமாம்மா. மெஷின் ஒரே தடவ சொல்லிடும்லா. நீங்க போன வாரம் டாக்டர்னீங்க, இப்ப லாயருங்கறீங்க.”

அவள் சிரிக்கவில்லை. புக்கிட் பாத்தோக்கில் டியூஷனுக்கு இறங்கிப் போய்விட்டாள்.

அவள் வீடு திரும்புவதற்குள் ஏதாவது பதில் யோசித்தாக வேண்டும். இயந்திரமாக இல்லாத பெற்றோர் யாராவது சொல்லுங்கள்.