வெள்ளைப் பூ கிழக்கு, சிவப்புப் பூ மேற்கு

மூன்று வாரமாக ஒரே காட்சியை எழுதுகிறேன், அழிக்கிறேன். நிலத்துக்கடியில் இருக்கும் ஒரு மாய நகரத்தைப் பற்றி இரண்டு நாவல்கள் எழுதிவிட்டேன். மூன்றாவது பாதியில் நிற்கிறது. ஃபேர்லேண்ட்ஸில் இரண்டாவது மாடியில் வீடு. மேசைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே நான் நடக்கிற நடைக்கு இந்நேரம் ஏற்காட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். வாசிப்பும் உருப்படவில்லை. குகைக்குள் இறங்கியவர்களின் பயணக் குறிப்பு, பாறைகளைப் பற்றிய கல்லூரிப் பாடநூல், ஏதோ குளிர்தேசத்து மந்திரக் கதைகளின் மொழிபெயர்ப்பு என்று ஆறு புத்தகங்கள் வீடெங்கும் கவிழ்ந்து கிடக்கின்றன. எதிலும் நாற்பது பக்கம் தாண்டவில்லை. பதிப்பாளர் போனில் கூப்பிட்டால், "முடியற மாதிரிதாங்க இருக்குது" என்று கூசாமல் சொல்கிறேன்.

எழுத வராத காட்சி சின்னதுதான். அந்த நகரம் பிழைக்க வேண்டுமென்றால் மேலே வெயிலில் நிற்கும் ஒரு சாதாரண மனிதர் தன் பிழைப்பை இழக்க வேண்டும். நகரத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். அந்த மனிதர் வந்து நின்றதும் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன். அவர் யாரென்று எனக்குத் தெரியும். அம்மாவின் அண்ணன், என் மாமா. போன பங்குனியில் இறந்துபோனார். அவரிடம் சொல்ல வேண்டியதை நான் கடைசிவரை சொல்லவில்லை.

மாமாவுக்கு மல்லசமுத்திரம் பக்கத்தில் தோட்டம். முழுப் பரீட்சை லீவுக்கு என்னை அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள். எனக்கு ஒன்பது வயதாக இருந்த வருடம், மாமா வீட்டுப் பரணில் ஒரு மாயாஜாலக் கதைப் புத்தகம் கிடைத்தது. கடைசிப் பத்துப் பக்கங்களைக் காணோம். இளவரசி பாதாளத்துக்குள் இறங்குகிற இடத்தில் கதை அறுந்து நின்றது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மிச்சக் கதையை நானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன். பாதாளத்துக்கு ஓர் இடம் வேண்டுமே. தோட்டத்தின் கிழக்கு மூலையில் ஒரு வேலமரம் நின்றது. அதன் அடியில் நகரத்தை வைத்தேன். தினமும் மத்தியானம் அங்கே போய் மண்ணில் காது வைத்துப் படுப்பேன். கீழே தேர் ஓடும், மணி அடிக்கும், கண்ணில்லாத ராணி ஒருத்தி என் காலடிச் சத்தத்தை வைத்தே என்னை அடையாளம் கண்டுகொள்வாள். உடம்பெல்லாம் எறும்பு கடித்ததுதான் மேலே தெரிந்த பலன்.

மாமாவின் கவலை வேறு. கிணறு வற்றி நாற்பது தென்னைகள் மட்டை தொங்கி நின்றன. ஆழ்துளைக் கிணறு போட்டால்தான் மரம் பிழைக்கும் என்ற நிலை. ஒரு குழி போடத்தான் அவருக்குச் சக்தி. நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தார். இரண்டு இடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. ஒன்று கிழக்கே வேலமரத்தடி. இன்னொன்று மேற்கே களத்து மேடு.

எங்கள் பக்கத்தில் இப்படி இரண்டில் ஒன்று என்று வந்துவிட்டால் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் இலையில் மடித்துச் சாமி காலடியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். குழந்தை எடுத்தது சாமி சொன்னது; அதற்கு மேல் பேச்சில்லை. அன்று கோயிலில் மாமா, பூசாரி, நான் மூன்று பேர்தான். வெள்ளை வந்தால் கிழக்கு, சிவப்பு வந்தால் மேற்கு என்று மாமா சாமியிடம் சொன்னார்.

கிழக்கு என்றால் வேலமரத்தடி, என் நகரம். ஆழ்துளை போடும் ரிக் வண்டி என்றால் என்னவென்று அந்த வயதிலேயே தெரியும். திருச்செங்கோட்டுச் சாலையில் வரிசையாக நிற்குமே. அந்தத் துளைக்கம்பி ராணியின் கூரையைப் பொத்துக்கொண்டு இறங்குவதை நினைத்துப் பார்த்தேன். பூசாரி பொட்டலம் மடிக்கும்போது வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். வெள்ளைப் பூவை மடித்த இலை ஓரத்தில் கிழிந்தது.

"எடு சாமி. மனசுக்கு எது படுதோ அத எடு" என்றார் மாமா.

நான் கண்ணை மூடிக் கும்பிட்டு, பக்தியாக நடித்து, கிழியாத பொட்டலத்தை எடுத்தேன். சிவப்பு. மாமா என் உள்ளங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் ரிக் வண்டி களத்து மேட்டில் நின்றது. அந்தச் சத்தத்தில் மாட்டுக் கொட்டகை ஓடுகள் அதிர்ந்தன. குழியிலிருந்து வெள்ளையாகக் கல்மாவு பறந்து தென்னை மட்டையெல்லாம் படிந்தது. இருநூறு அடி, நானூறு அடி. மாமா ஒவ்வொரு கம்பி இறங்கும்போதும் குழியோரம் போய்க் கல்மாவைக் கையில் அள்ளி ஈரம் இருக்கிறதா என்று பிசைந்து பார்த்தார். பொழுது சாயும் நேரத்தில் வண்டிக்காரர் வந்து, "ஏனுங்க, அறநூறு தாண்டிருச்சுங்க. வெறும் பொகதான் வருது. இன்னும் ஓட்டட்டுங்களா?" என்று கேட்டார்.

"போதுமுங்க. வண்டிய எடுத்துக்கங்க" என்றார் மாமா. தலை, மீசை, இமை எல்லாம் வெள்ளையாக, ஒரே நாளில் கிழவரானவர் மாதிரி நின்றார்.

வேடிக்கை பார்க்க ஊரே வந்திருந்தது. மாமாவின் பங்காளி ஒருவர் தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கேட்டார்: "பூக் கேட்டுத்தான வுட்டீங்க? எந்தப் பூவு வந்துச்சு? யாரு கை எடுத்தது?"

எனக்குப் பெருமையாக இருந்தது. நான்தான் என்று சொல்ல முன்னால் ஓர் அடி வைத்தேன். மாமா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வெள்ளப் பூவுதானுங்க வந்துச்சு. கெழக்கயேதான் சாமி சொல்லுச்சு. எனக்குத்தான் மனசு கேக்குல. மேக்க ஓட்டச் சொல்லிப்போட்டேன்."

பூசாரி நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். பிறகு குழிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டம் ஆளாளுக்கு வாயில் வந்ததைச் சொன்னது. சாமி வாக்கை மீறினவன் தோட்டம் எப்படி விளங்கும் என்று பங்காளி முகத்துக்கு நேராகவே கேட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையிலேயே தென்னைகள் ஒவ்வொன்றாகக் கொண்டை சாய்ந்தன. தோட்டத்தைப் பங்காளிக்கே குத்தகைக்கு விட்டுவிட்டு, மாமா ரிக் வண்டிக்கு டிரைவராக வடக்கே போனார். ஊர் ஊராக மற்றவர்கள் நிலத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்துப் பங்காளி வேலமரத்தடியில் குழி போட்டார். இருநூறு அடியில் பீறிட்டுக்கொண்டு வந்தது. சாமி சொன்ன இடம் என்று அந்தத் தண்ணீரை ஊரார் சொம்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். செய்தி கேட்டு நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். மாமாவுக்காக இல்லை, என் நகரத்துக்குள் தண்ணீர் புகுந்திருக்குமே என்று. இப்படி ஒரு பிள்ளை நாவலாசிரியை ஆகாமல் வேறு என்ன ஆகும்?

மாமாவின் காரியம் முடிந்த அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை. அத்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அத்தை கல்யாணமாகி வந்த வருடம்தான் மாமாவின் கிணறு முதல்முறையாக வற்றியதாம். வந்தவள் ராசி என்று யாரோ ஒருவர் சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு விதை எடுத்துக் கொடுக்க அத்தையைக் கூப்பிடவில்லை, கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டைத் தொட விடவில்லை, சீமந்தத்துக்கு வளையல் போட அழைக்கவில்லை. ராசியில்லாத கை. "அந்தப் பேரோட அவ படற பாட்ட அண்ணன் தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருந்துச்சு" என்றாள் அம்மா.

பங்காளி கேட்டதற்கும் மாமா பதில் சொன்னதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருந்திருக்காது. இருபத்தைந்து வயதில் நான் மாலை மாற்றி நின்றபோது என் கையின் ராசியைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசவில்லை. மூன்று வாரமாக என்னை உட்கார விடாமல் விரட்டுவது அந்த ஒரு மூச்சு நேரம்தான். அதற்கு எந்த மந்திரத்தை எழுதி ஈடு கட்டுவதென்று தெரியவில்லை.

அந்த ஒன்பது வயதில் எனக்குப் புரிந்ததெல்லாம், ஊரறியக் கிடைக்க வேண்டிய பெருமையை மாமா பொய் சொல்லிப் பறித்துக்கொண்டார் என்பதுதான். லீவு முடியும்வரை அவரோடு பேசவில்லை. ஊருக்குத் திரும்பும் நாளில் மாமாவே பஸ் ஏற்றிவிட வந்தார். வண்டி கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே வெயிலில் நின்றார். "மாமன் மேல கோவமா சாமி?" என்றார். ஒரு பாக்கெட் பிஸ்கட்டை உள்ளே நீட்டினார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன். மன்னிக்கக் கூடாது என்று முடிவு செய்து, மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.