முன்சில்லுக்குப் புதுப் பெயாரிங்

எங்கள் வீட்டு ஜீப் என்னுடையது அல்ல, என் மனைவியுடையது. கல்முனையில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். எங்கள் பக்கம் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். ஆண்பிள்ளை இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய்விடுவான். மாமா தன் வீட்டை மகளின் பெயருக்கு எழுதியபோது, வளவில் நின்ற கிணறு, தென்னைகள், ஜீப் எல்லாவற்றையும் அதோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். இரண்டாம் உலக யுத்த காலத்து இராணுவ ஜீப் அது. ஏதோ ஓர் ஏலத்தில் எடுத்து, வயல் பாதையில் நெல் மூட்டை ஏற்ற வைத்திருந்தார். எனக்கு மனைவியும் வீடும் ஜீப்பும் ஒரே நாளில் கிடைத்தன. இந்த மூன்றில் ஜீப் மட்டுமாவது என் சொல் கேட்கும் என்று நினைத்திருந்தேன். அதுவும் கேட்கவில்லை.

அந்த ஜீப்பில் வாகனம் ஓட்டப் பழகியவன், அதைக் கழுவித் துடைத்துத் திருத்தி வைத்திருந்தவன் என் மனைவியின் தம்பி. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவன் அதில் ஏறவில்லை. இப்போது கட்டாரில் ஒரு கராஜில் வேலை. வருடா வருடம் லீவில் சாய்ந்தமருதில் தன் மனைவி வீட்டுக்கு வரும்போது எங்களையும் பார்க்க வருவான். பேரீச்சம்பழம் தருவான், தேநீர் குடிப்பான், ஜீப் நிற்கும் பக்கம் முகத்தைத் திருப்பாமல் புறப்பட்டுவிடுவான். பன்னிரண்டு வருடமாக இதே கதை. சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை பிடித்திருந்தால்கூட என் மனைவிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தம்பி பழையபடி தன்னோடு கதைப்பதில்லை என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே குறை.

போன வருடம் ஜீப் ஓடும்போது முன்சில்லு இரண்டும் உறுமத் தொடங்கின. ஜக் வைத்து உயர்த்தி ஆட்டிப் பார்த்தால் விழப்போகும் பல் மாதிரி ஆடின. பெயாரிங் முடிந்துவிட்டது. கராஜுக்குக் கொண்டு போ என்றாள் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற எனக்கு நாலு நட்டுக் கழற்றத் தெரியாதா என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலையில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

கழற்றும் வரைக்கும் நான் கெட்டிக்காரன்தான். இந்தப் பெயாரிங்கில் இரண்டு பாகம் உண்டு. உருளைகள் கோத்த வளையம் ஒன்று. அது உட்காருவதற்காகச் சில்லின் நடுக் குடமான ஹப்புக்குள் இறுக்கமாக அடித்துப் பொருத்தும் வெளி வளையம் மற்றது. அந்த வெளி வளையத்தைக் ‘கப்’ என்பார்கள். பழைய கப்பை அடித்துக் கழற்றினேன். புதியதை வைத்து அடித்தேன். அது ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்கு வெறி வந்து பெரிய சுத்தியலை எடுத்தேன்.

“மச்சான்! அடிக்காதீங்க!”

வாசல் படலையடியில் பேரீச்சம்பழப் பையோடு மனைவியின் தம்பி.

“சரிஞ்சி போய் நிக்கிது. இன்னம் ரெண்டு அடி அடிச்சா ஹப்பும் போயிரும்.”

“எனக்குத் தெரியும்,” என்றேன்.

“ஓம், தெரியிது,” என்றவன், பையைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுக் குந்தினான். ராத்தா என்று அவன் கூப்பிடும் அக்கா மேல் உள்ள மனத்தாங்கலைப் பன்னிரண்டு வருடம் சுமந்தவனால், ஒரு ஹப் உடைவதை அரை நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மறுபக்கத்தில் மெல்லத் தட்டி அந்தக் கப்பை வெளியே எடுத்தான். மற்றக் கப்புகளையும் சேர்த்துப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு குசினி வாசலுக்குப் போனான்.

“ராத்தா, இத ஃபிரிட்ஜில மேல் தட்டில வைங்க. குளிர்ந்தாச் சுருங்கும், லேசா இறங்கும்.”

“இதென்ன கூத்து! எறச்சிக்குப் பக்கத்தில இரும்பா?” என்று சத்தம் போட்டாலும், வாங்கிய கையோடு வைத்துவிட்டாள். அவன் வாய் திறந்து அவளிடம் ஒன்று கேட்டதே அவளுக்குப் பெரிய விஷயம்.

அரை மணித்தியாலத்தில் எடுத்தோம். பழைய கப்பை மேலே வைத்துத் தட்ட, புதியது சொன்ன சொல் கேட்டு இறங்கியது. எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு இருவரும் உள்ளங்கையில் கிறீஸை அப்பி, உருளைகளுக்கு நடுவே புகும்வரை அழுத்திக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து மனைவி தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டு வந்தாள். எங்கள் கைகளைப் பார்த்தாள். பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்கு ஒரு வாய், தம்பிக்கு ஒரு வாய் என்று ஊட்டத் தொடங்கினாள்.

தம்பிக்கு மூன்றாவது வாய் கொடுத்த உடனே சொன்னாள்.

“இந்த ஜீப்ப நீ எடுத்துக்கயன். நான் எழுதித் தாறன்.”

எனக்குப் பகீரென்றது. பெயாரிங் தேடிக் கொழும்பு வரைக்கும் போய் வந்தவன் நான். அவனோ மென்றுகொண்டே இருந்தான். தேங்காய் ரொட்டி அவசரத்துக்கு இறங்கும் சாமான் அல்ல.

“எங்க ராத்தா நிப்பாட்டுற?” என்றான் கடைசியில். “சாய்ந்தமருதில எங்கட ஒழுங்கைக்க ஆட்டோவே கண்ணாடிய மடக்கிட்டுத்தான் வரும்.”

மூன்று பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன். அவன் குனிந்து கிறீஸை அழுத்திக்கொண்டே சொன்னான்:

“ஜீப் வேணுமெண்டு நான் ஒருநாளும் சொல்லல்ல. வாப்பா எனக்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், ராத்தாக்குக் குடுக்கன் மகன், என்ன சொல்றாய் எண்டு. நான் ஓமெண்டுதான் சொல்லியிருப்பன்.”

“நானும் கேக்கல்ல,” என்றாள் அவள்.

“ஓம். நீங்களும் கேக்கல்ல.”

அவள் அடுத்த துண்டில் சம்பலைக் கூட வைத்து அவன் வாய்க்கு நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். நான் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டேன். சம்பல் உறைப்பு என்று சாக்குச் சொல்ல வழி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

சில்லைப் பூட்டி, அதைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தினான். இன்னும் இறுக்கினால் என்ன என்று கேட்டேன். “சூடேறிப் பெயாரிங் போயிரும் மச்சான்,” என்றான். மற்றச் சில்லும் முடிய அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. தொழுதுவிட்டு மூவரும் ஜீப்பில் ஏறினோம். ஸ்டியரிங்கில் அவன். கடற்கரை வீதியில் பாண்டிருப்பு வரைக்கும் போய் வந்தோம். ஓர் உறுமல் இல்லை. இறங்கி ஹப்பைத் தொட்டுப் பார்த்தான், சூடும் இல்லை.

தான் வந்த மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிய பிறகுதான் திரும்பினான்.

“ராத்தா, வெள்ளிக்கிழம பகல் சாப்பாட்டுக்கு எங்கட ஊட்ட வாங்க. ஜீப்புலயே வாங்க. ஒழுங்க முனையில நிப்பாட்டினாக் காணும், நான் வந்து கூட்டிட்டுப் போறன்.”

பெருநாளைக்கும் அவனுக்குப் பிள்ளை பிறந்தபோதும் முறைக்கு நாங்கள் போய்த்தான் இருக்கிறோம். அவனாக வாங்க என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. என்ன இனிப்புக் கொண்டு போவது என்று என் மனைவி அப்போதே யோசிக்கத் தொடங்கினாள். வட்டிலப்பமா, தொதலா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே அழுதாள்.