நெத்தோலி காய்ந்த மைதானம்

போன வாரம் என் கைப்பேசிக்கு ஒரு இணைப்பு வந்தது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தின் கரையை அழகுபடுத்தப் போகிறார்களாம், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாமாம். திறந்து பார்த்தால் வரிசையாக ஐந்து மஞ்சள் முகங்கள். ஒன்று அழுகிறது, ஒன்று பல்லைக் காட்டிச் சிரிக்கிறது, நடுவே மூன்று பேர் அவரவர் கவலையில் இருக்கிறார்கள். நான் ஏதோ ஒரு முகத்தைத் தொட்டேன். ‘தங்கள் மேலான பங்கேற்புக்கு நன்றி’ என்று வந்தது. அரை நிமிடத்தில் என் ஜனநாயகக் கடமை முடிந்துவிட்டது.

அந்தப் ‘பங்கேற்பு’ என்ற சொல்லை வைத்து நான் சில வருடங்கள் சம்பளம் வாங்கியிருக்கிறேன். சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சுனாமி வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த காலம். சென்னையில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு கல்லூரியின் கட்டடக்கலைத் துறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ‘லேண்ட்ஸ்கேப் பிளானிங்’ என்று ஒரு பாடம். அதற்குள் ‘சமூகப் பங்கேற்பு’ என்று ஒரு பகுதி. மூத்தவர்கள் யாரும் அதைத் தொட விரும்பவில்லை. புதிதாக வந்தவள் தலையில் கட்டினார்கள்.

எனக்கு அதில் பயமே இல்லை. நான் மிஷன் சபையில் வளர்ந்தவள். எங்கள் சபையில் கமிட்டித் தேர்தல் வந்தால் மாமன் மச்சான் பேச்சுவார்த்தை நின்றுபோகும். ஆராதனையில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடியவர்கள் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவளுக்கு ஜனநாயகத்தைப் பற்றி யார் என்ன சொல்லித் தர வேண்டும் என்று ஒரு நினைப்பு.

பதினோரு மாணவர்கள். அவர்களுக்குப் படம் வரைய ஒரு நிஜமான இடம் வேண்டுமென்று தேடியபோது, முட்டத்துக்குக் கிழக்கே ஒரு கடற்கரை ஊர் கிடைத்தது. பெயர் வேண்டாம். அலையில் வீடு போனவர்களுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, வரிசை வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நடுவில் ஒரு மைதானம் சும்மா கிடந்தது. வீடு கட்டிய தொண்டு நிறுவனத்துக்காரர்கள், உங்கள் பிள்ளைகள் நல்லதாக ஒரு திட்டம் வரைந்து, ஊரும் ஒப்புக்கொண்டால், அதையே கட்டித் தருகிறோம் என்றார்கள். காகிதத்திலேயே செத்துப்போகும் படங்களை வரைந்து பழகிய பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். எனக்கும்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அதற்கு முன்பு நான் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. கடற்கரை என்றால் எங்களுக்கு வீட்டு வாசலுக்கு வரும் மீன், அதோடு சரி.

முதல் தடவை இருபத்திரண்டு கேள்விகள் அச்சடித்த தாளோடு போனோம். பூங்கா வேண்டுமா? நடைபாதை வேண்டுமா? பெஞ்சு வேண்டுமா? நிழல் மரம் வேண்டுமா? வீடு வீடாக ஏறினோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், கட்டஞ்சாயா கொடுத்தார்கள், எல்லாவற்றுக்கும் ‘வேணும்’ என்றார்கள். திரும்பும் பஸ்ஸில் தாள்களைப் புரட்டிப் பார்த்தால் எங்கு பார்த்தாலும் டிக். இப்படியொரு ஒற்றுமையான ஊரா என்று நான் பூரித்துப்போனேன். அன்றைக்கு என் துணியெல்லாம் கருவாட்டு வாசம். அம்மா என்னைக் கிணற்றடியில் நிறுத்தி, குளித்துவிட்டு உள்ளே வா என்றாள். நாள் முழுக்க அந்த வாசத்துக்குள் நின்றிருக்கிறேன், அது எங்கிருந்து வருகிறது என்று நானோ பிள்ளைகளோ ஒருவரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு கேள்வியில் அதற்கு இடமில்லை.

அஜின் என்று ஒரு மாணவன். வரைவதில் வகுப்பிலேயே அவன் கைதான் சுத்தம். அவன் கோடு போட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவன் தலைமையில் மாதிரி ஒன்று செய்தார்கள். தெர்மோகோலில் நிலம், கடற்பஞ்சில் மரங்கள், தீக்குச்சியில் பெஞ்சுகள். மேற்கு ஓரம் முழுக்க அடர்த்தியாக மரவரிசை. பசையும் பெயிண்டும் கலந்த வாசனையோடு அதைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்குப் போய், மாதா கோயில் கூடத்தில் வைத்தோம். சாமியார் வந்து பார்த்துப் பாராட்டினார். ஆண்கள் சுற்றி நின்று ‘கொள்ளாம், கொள்ளாம்’ என்றார்கள். அஜினுக்குக் காது மடல் சிவந்தது.

பெண்கள் கடைசியில் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பிலோமினா அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். முதல் நாள் எங்களுக்குச் சாயா தந்தவர். அவருடைய தாளிலும் இருபத்திரண்டு டிக் உண்டு. அவர் குனிந்து மாதிரியை இப்படியும் அப்படியுமாகப் பார்த்தார்.

“டீச்சர், இதுல காத்து எங்க?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விரலால் மேற்கு மரவரிசையைத் தொட்டார். கச்சான் காற்று இந்தப் பக்கம்தானே வரும், இப்படி மரத்தை வைத்து அடைத்துவிட்டால் நெத்தோலி மீன் எப்படிக் காயும் என்றார். அந்த மைதானம் சும்மா கிடக்கவில்லை. காலையில் கரைக்கு வரும் நெத்தோலியை வாங்கி, அங்கே வலையை விரித்துப் பரப்பி, மேல்காற்றிலும் வெயிலிலும் காயவைத்து விற்றுத்தான் இருபது முப்பது வீடுகளில் அடுப்பு எரிந்தது. நாங்கள் முதலில் போனது கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை. மைதானம் காலியாக இருந்தது. காலி என்று எழுதிக்கொண்டோம்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா என்றேன். கொஞ்சம் கோபம்கூட இருந்தது என் குரலில்.

“நீங்க அதக் கேக்கலியே மக்கா. பெஞ்சு வேணுமான்னு கேட்டிய, வேணும்னு சொன்னேன்.”

பிறகு அவர் மெதுவாகச் சொன்னதுதான் நான் அந்தப் பாடத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்ட முதல் விஷயம். அலை வந்ததிலிருந்து எத்தனையோ பேர் தாளோடு வந்துவிட்டார்கள். அரிசிக்கு ஒரு தாள், வலைக்கு ஒரு தாள், வீட்டுக்கு மூன்று தாள். எதிலாவது வேண்டாம் என்று சொன்னவர்களின் பெயர் அடுத்த தாளில் இல்லாமல் போயிருக்கிறது. அதனால் தாளோடு யார் வந்தாலும் வேண்டும் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். நான் ஒற்றுமை என்று பூரித்தது அதைத்தான்.

அஜின் திரும்பும் பஸ்ஸில் மாதிரியின் மேற்கு மரங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

அடுத்த முறை தாளில்லாமல் போனோம். ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி மட்டும். எங்கள் திட்டத்தை மைதானத்திலேயே அசல் அளவில் கோடு போட்டோம்: இது நடைபாதை, இது மரம், இது பெஞ்சு. யாருக்கு எது பிடிக்கவில்லையோ அதைக் காலால் அழித்துவிடலாம் என்று அறிவித்தேன். என் யோசனைதான், கொஞ்சம் பெருமையாக இருந்தது. கால்மணி நேரத்தில் நடைபாதை போயிற்று. பெஞ்சுகள் எல்லாம் போயின. கடைசியில் கோல் கம்பத்துக்கு யாரோ போட்ட இரண்டு கோடுகள் மட்டும் பளிச்சென்று நின்றன.

அது ததேயு போட்டது. ஊர் கால்பந்து கிளப்பின் தலைவர். முப்பது வயது, சத்தமான மனிதர். கடற்கரையில் கால்பந்து என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். முழு மைதானமும் பந்தடிக்கத்தான் என்றார் அவர். கருவாட்டை மொட்டைமாடியில் காயப்போடட்டுமே என்றார். பெண்கள் முணுமுணுத்தார்கள். சத்தம் கூடியது. நான், கற்றறிந்த ஜனநாயகவாதி, ஒரே வழி வாக்கெடுப்பு என்று அறிவித்துக் கை தூக்கச் சொன்னேன். பந்து என்றதும் கைகள் காடு மாதிரி எழுந்தன. மீன் என்றதும் இரண்டு கிழவிகள் மட்டும் தூக்கினார்கள். பிலோமினா அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்து கிளம்பும்போது, அவரைத் தனியாகப் பிடித்து ஏன் தூக்கவில்லை என்று கேட்டேன்.

“எம் மாப்பிள எதுக்க நிக்காரு டீச்சர். அவரு தூக்குனதுக்கு எதிரா நான் எப்பிடித் தூக்குவேன்? அதுக்காவ எனக்கு வேண்டாம்னு ஆயிருமா?”

எங்கள் சபைத் தேர்தல் ரகசிய வாக்கு. ஆனால் அங்கேயும் அம்மா, அப்பாவிடம் கேட்டுத்தான் போட்டாள். அது எனக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

இனி என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை என்று வகுப்பில் உண்மையைச் சொன்னேன். பிள்ளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அஜின் எழுந்து போனான். மறுநாள் அவன் வகுப்புக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கோபித்துக்கொண்டு பாடத்தை விட்டுவிட்டான் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து வந்தான். முகம் கறுத்திருந்தது, சட்டையில் அந்த வாசம். முதல் பஸ்ஸில் போய் இருட்டும்வரை மைதானத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான். முதல் இரண்டு நாள் எல்லாரும் சந்தேகமாகப் பார்த்தார்களாம். மூன்றாம் நாள் பெண்கள் பழங்கஞ்சி கொடுத்திருக்கிறார்கள். நாலாம் நாள் நெத்தோலி புரட்டச் சொல்லிக் கம்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அவன் வரைந்து கொண்டுவந்தது திட்டமே இல்லை. நீளமான தாளில் ஒரு நாள் முழுவதும். எட்டு மணிக்கு யார் எங்கே நிற்கிறார்கள், பதினொன்றுக்கு யார் மீனைப் புரட்டுகிறார்கள், மூன்று மணிக்கு யார் அள்ளுகிறார்கள், நாலரைக்கு யார் பந்தோடு இறங்குகிறார்கள். சின்னச் சின்ன உருவங்கள். ஆனால் நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

அந்தத் தாளைக் கோயில் கூடத்துச் சுவரில் ஒட்டினோம். நான் எதுவும் பேசவில்லை. ஊரே வந்து தன்னைத் தேடியது. ஏட்டி இது நீ, இல்ல அது உங்க மைனி என்று ஒரே சிரிப்பு. ததேயு மட்டும் பதினொரு மணிப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். இடுப்பில் ஒரு கையை வைத்துக் கம்பால் மீன் புரட்டும் ஓர் உருவம்.

“இது எங்க அம்மையாக்கும்,” என்றார். பிறகு, “இவ்வளவு நேரமா நிக்கா?” என்று அஜினிடம் கேட்டார். அஜின் தலையாட்டினான். ததேயு கடலுக்குப் போய்வந்து தூங்கும் நேரம் அது. தாய் மீன் காயவைப்பது தெரியும். எத்தனை மணி நேரம் நிற்கிறாள் என்று அவர் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. மீன் காயும் நேரமும் பந்து இறங்கும் நேரமும் வேறு என்பது அந்தத் தாளிலேயே தெரிந்தது. மண்ணில் காய்ந்தால் மீனில் மணல் ஏறுகிறது. சிமெண்டு போட்டால் பந்தடிக்க முடியாது. மேற்கு ஓரமாக மூன்று படியில் நீளமாக ஒரு சிமெண்டு மேடை கட்டினால் பகலில் நெத்தோலி காயும், சாயங்காலம் கழுவிவிட்டால் பந்தாட்டம் பார்க்க உட்காரலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதை யார் சொன்னது என்று எனக்கு நினைவில்லை. பின்னாளில் விசாரித்தபோது அந்த ஊரில் குறைந்தது ஏழு பேர், தான்தான் சொன்னதாகச் சொன்னார்கள்.

பிள்ளைகள் வரைந்த கடைசிப் படத்தில் ஒரு மேடை, ஒரு தண்ணீர்க் குழாய், கிழக்கே மூன்று பூவரசு. அவ்வளவுதான். மதிப்பிட வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பூங்கா என்று தலைப்பு இருக்கிறது, பூங்காவே இல்லையே, மரங்கள் எங்கே தம்பி என்று கேட்டார். “கேட்டோம் சார், எடுத்துட்டோம்” என்றான் அஜின். அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து அந்த நீளத் தாளை விரித்துக் காட்டியிருக்க வேண்டும். என் ஆராய்ச்சிப் படிப்புக்கு அவர் கையெழுத்து தேவைப்பட்டது. ஒரு பருவம் முழுக்க, வாயைத் திறந்து பேசுங்கள் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினோரு பேரும் தேறினார்கள், தட்டுத்தடுமாறி. அஜின் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. அவன், அத விடுங்க மேம் என்று சொல்லிவிட்டுப் பிலோமினா அக்காவின் நலம் விசாரித்தான்.

மேடை அடுத்த வருடமே எழுந்தது. நாங்கள் யாரும் நினைக்காத ஒன்று அதில் நடந்தது. மீன் அள்ளி முடித்த பெண்கள் உடனே வீட்டுக்குப் போகாமல், கழுவிய படி காய்ந்ததும் அதில் கொஞ்ச நேரம் உட்கார ஆரம்பித்தார்கள். குழாயில் தண்ணீர் வராதது, ரேஷன் கடைக்காரர் பேசிய பேச்சு எல்லாம் அங்கே அலசப்பட்டது. பிறகு அங்கிருந்தே கூட்டமாகப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் போனார்கள். பந்தாட்டம் தொடங்கிய பிறகும் மேல்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த ஊரில் பெண்கள் வெளியிடத்தில் உட்கார்ந்து பேசுவதற்குக் கோயிலைத் தவிர அதற்கு முன் இடமே இருந்ததில்லை என்று பிலோமினா அக்கா ஒருநாள் சொன்னார். எங்கள் இருபத்திரண்டு கேள்வியில் மட்டுமல்ல, அஜினின் தாளிலும் அது இல்லை.

சில வருடங்களில் எங்கள் துறைக்குப் பிள்ளைகள் சேர்வது குறைந்து, அதை மூடிவிட்டார்கள். நானும் வேறு வேலைக்குப் போய்விட்டேன். பத்து வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனவள், சாயங்காலம் அந்த மைதானத்தை எட்டிப் பார்த்தேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மேடை நிறைய ஆள், மேல்படி வரைக்கும். ஒரு பெண்கூட இல்லை. நெத்தோலியை இப்போது கரையிலேயே ஐஸ் போட்டு லாரியில் ஏற்றிவிடுகிறார்கள், யாரும் காயவைப்பதில்லை என்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார்.

பிலோமினா அக்கா வீட்டில் இருந்தார். சாயா போட்டுத் தந்தார். மகள் வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிறாளாம். வீட்டில் புது டைல்ஸ், பெரிய டிவி. மேடைக்கு இப்போது போவதில்லையா என்று கேட்டேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

“அங்க எனக்கு என்ன சோலி டீச்சர்?” என்றார்.