எல்லோரும் ஊற்றிய தண்ணீர்

எங்கள் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்காருபவரை டோக்கன் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். காலையிலிருந்து இருட்டும்வரை நோயாளிகளின் எண்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டில் புருஷனைக்கூட நம்பர் சொல்லித்தான் சாப்பிடக் கூப்பிடுவார் என்று கேலி செய்வோம். முன்பெல்லாம் அதற்குச் சிரிப்பார். இந்த வருடம் சிரிக்கவும் அலுப்பு.

புருஷன் வேறு யாருமில்லை, எங்கள் ஆம்புலன்ஸை ஓட்டிய டிரைவர் அண்ணன்தான். பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் வீட்டோடு இருக்கிறார். அக்கா விடியுமுன் எழுந்து அவருக்குப் பல் விளக்கி, சட்டை மாட்டி, சாப்பாடு ஊட்டிவிட்டுத்தான் வேலைக்கு ஓடிவருவார். கையை அவரே பழக்கினால்தான் தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானும் சொல்லிப் பார்த்தேன்.

"சொல்றது சுலபம். அவர் ஒரு பட்டன் போடுறதுக்குள்ள எனக்கு பஸ் போயிடும்" என்பார்.

அண்ணன் எங்களிடம் விட்டுப்போனது ஒரு மணி பிளாண்ட். மேசைக்குப் பின்சுவரில் ஆணி அடித்து, கொடியைக் கடிகாரத்தைச் சுற்றி அவர்தான் ஏற்றிவிட்டிருந்தார். வண்டிக்கு வேலையில்லாத நேரத்தில் இலை இலையாகத் துடைப்பார். வீட்டில் முடங்கிய பிறகு, அக்கா செருப்பைக் கழற்றுமுன்னே "செடி எப்படியிருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. அது அங்கே இருக்கும்வரை தன் வேலையும் அங்கேதான் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. அக்கா "நல்லாத்தான் இருக்கு" என்பார். உண்மையில் செடி பழுத்துப்போய், மஞ்சள் இலைகள் டோக்கன் பெட்டிமேல் விழுந்துகொண்டிருந்தன.

அதைக் கெடுத்தது எங்கள் பாசம்தான். வேலை முடிந்து கிளம்பும்போது பாட்டிலில் மீந்த தண்ணீரை எல்லோரும் அதில்தான் கவிழ்ப்போம். மருந்து கொடுப்பவர், நர்ஸுகள், ரத்தம் எடுக்கும் நான், காத்திருந்து அலுத்த நோயாளிகள்கூட. 'பாவம், அண்ணன் செடி, வேறு யார் கவனிக்கப்போகிறார்கள்' என்று ஆளாளுக்குத் தனித்தனியாக நினைத்திருக்கிறோம். வாட வாட இன்னும் கொஞ்சம் ஊற்றினோம். போதாக்குறைக்கு, பார்வையாக இருக்கட்டும் என்று அடியில் ஓட்டையில்லாத பளபளப்பான தொட்டி ஒன்றுக்குள் அதை இறக்கியும் வைத்திருந்தோம். அளவுக்கு மிஞ்சினால் அமுதமே நஞ்சு, குழாய்த் தண்ணீர் எம்மாத்திரம்.

சுவருக்கு பெயிண்ட் அடிக்க ஆட்கள் வந்தார்கள். ஆணிகளைப் பிடுங்கினார்கள். மேனேஜர் செடியைக் குப்பையில் போடச் சொன்னார். அக்கா கொடியை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இதத் தூக்கிப் போட்டுட்டு, வீட்டுல போய் நல்லாத்தான் இருக்குன்னு இன்னும் எத்தனை நாள் சொல்றது? பொய் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லடி."

தொட்டி நல்ல கனம். நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பஸ்ஸில் திட்டு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

அண்ணன் செடியைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"ஆணியெல்லாம்?"

"பிடுங்கிட்டாங்க."

"சரி" என்றார். இனி ஆம்புலன்ஸ் இல்லை என்பது அந்த 'சரி'யில் எங்கள் மூவருக்கும் தெரிந்துபோயிற்று. அக்கா அழுதார். அண்ணன் பழைய பேப்பரைக் கீழே விரிக்கச் சொன்னார்.

தொட்டியைக் கவிழ்த்துத் தட்டியதும் சேறும் சாக்கடை வாடையும் வந்தன. வேரை அலசினோம். கறுத்துக் கொழகொழத்ததையெல்லாம் வெட்ட வேண்டும் என்று அண்ணன் கத்தரியை இடது கையில் வாங்கிக்கொண்டார். வெட்டப் போனால் செடி நழுவியது. அக்கா பிடிக்கப் போனார்.

"விடு."

வலது கையை இடது கையால் தூக்கி வேர்க்கட்டின்மேல் வைத்தார். அது சரிந்தது. மறுபடி வைத்தார். மறுபடி சரிந்தது. அக்கா தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் கொடுத்து அழுத்திக்கொண்டார். பார்க்கப் பொறுக்காமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கத்தரிச் சத்தம் கேட்டுத் திரும்பியபோது அந்த விரல்கள் எப்படியோ வேரைப் பிடித்திருந்தன.

வெள்ளையாய், கெட்டியாய் மிஞ்சியது ஒரு பிடி வேர்தான். ஓட்டையுள்ள சின்னத் தொட்டியில் மண்ணும் மணலும் கலந்து நட்டார். மொட்டையாகிப்போன கொடியைக் கணுவுக்குக் கீழே நறுக்கி, இரண்டு துண்டுகளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டார். அக்கா பழக்கதோஷத்தில் சொம்பை எடுத்தார்.

"இப்ப வேணாம். மண்ணுல விரல விட்டுப் பாரு, நல்லா காஞ்சிருந்தா மட்டும் ஊத்து. வெயில் படாம ஜன்னலோரமா வச்சிட்டுச் சும்மா இரு."

"சும்மா இருக்கத்தானே எனக்கு வராது" என்றார் அக்கா.

அடுத்த மாதம் செடியில் ஒரு சுருள் இலை வந்திருப்பதாகச் சொன்னார். அதற்குச் சில நாள் கழித்து ஒருநாள் அக்காவை வெகுநேரம் காணவில்லை. கூட்டம் வாசல்வரை நின்றது, மேனேஜர் என்னிடம் கத்திக்கொண்டிருந்தார். அக்கா மூச்சு வாங்க வந்து நாற்காலியில் விழுந்தார்.

"பஸ் போயிடுச்சு. சட்டைப் பட்டன அவரே போட்டாரு. கடைசியில ஒண்ணு மாறிப்போய், எல்லாத்தையும் கழட்டி மறுபடி முதல்லேர்ந்து."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கையக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். செத்துப் பொழச்சேன் போ."

"சட்டை போட்டுக்கிட்டு அண்ணன் எங்க கிளம்பினாரு?"

"எங்கயும் இல்ல. ஜன்னலோரம் செடிகிட்ட போய் உக்காந்திருக்காரு."

கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டு, அக்கா முதல் எண்ணைக் கூப்பிட்டார்.