நாலு விரல் திறந்திருந்த பலகை

இந்தப் பயணத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். நான் செய்த பிழையையும் விடப்போவதில்லை. செலவு விபரம் மட்டும் தேவைப்படுகிறவர்கள் நேரே கீழே போகலாம், அதற்காகக் கோபிக்க மாட்டேன்.

நாங்கள் இருக்கிற இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், ஆகஸ்டில் சிஞ்ஞோராக்கள், அதாவது வீட்டு எஜமானிகள், கடற்கரை வீடுகளுக்குப் போய்விடுவார்கள். கால்சாப் பகுதியில் ஒரு பெரிய வீட்டைத் துப்புரவாக்கும் அப்பாவுக்கும், அதே தெருவில் சமையல் செய்யும் அம்மாவுக்கும் விடுமுறை கிடைப்பது அப்போதுதான். இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருக்கும் அம்மாவின் தம்பி, என் மாமா, நான்கு நாட்களுக்கு ஒரு கால்வாய்ப் படகை வாடகைக்கு எடுத்து எங்களையும் கூப்பிட்டார். விசா வர ஏழு வாரம் சென்றது. அந்த ஏழு வாரமும் அப்பா தன் பைலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவுக்காகக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வாசலில் பல வருடம் நின்றவர். காகிதம் என்றாலே அவருடைய குரல் தாழ்ந்துவிடும்.

படகு பதினேழு மீற்றர் நீளம், அகலம் இரண்டே மீற்றர். பலெர்மோவின் பல்லரோச் சந்தையில் சனிக்கிழமை நடப்பதுபோல, உள்ளே பக்கவாட்டில் திரும்பித்தான் ஒருவருக்கொருவர் வழிவிடலாம். வேகம் மணிக்கு ஐந்து கிலோமீற்றர். முதல் நாள் ஒரு கிழட்டு நாய் கரையால் நடந்து எங்களை முந்திப் போனது.

எதிரே வருகிற ஒவ்வொரு படகிலிருந்தும் கை காட்டினார்கள். "தெரிஞ்ச ஆக்களோ?" என்று அப்பா கேட்டார். "இல்லை அத்தான், இஞ்சை எல்லாரும் அப்பிடித்தான்," என்றார் மாமா. மத்தியானத்துக்குள் அப்பாவே முதலில் கை காட்டத் தொடங்கிவிட்டார். தண்ணீர்க் குழாயடியில் தாங்கி நிரம்ப நாற்பது நிமிடம் எடுத்தது. அதற்குள் அங்கே நின்ற இரண்டு சகோதரிகளுக்கு அம்மா பலெர்மோவிலிருந்து கொண்டுவந்த சியாகுல்லி மண்டரின் தோடம்பழ ஜாம் ஒரு போத்தல் கொடுத்து, ஆறு முட்டை வாங்கிக்கொண்டார். அம்மாவுக்கு அவர்களுடைய மொழியும் அவர்களுக்கு அம்மாவுடைய மொழியும் தெரியாது.

இனி என் பிழை. கால்வாய் மேடு ஏறும் இடங்களில் லொக் இருக்கிறது. முன்னும் பின்னும் கதவுள்ள ஒரு தொட்டி அது. படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி, மேலே இருந்து தண்ணீர் விட்டால் படகு உயரும். கதவுகளின் அடியில் தண்ணீர் விடுகிற பலகைகள் உண்டு. அவற்றைக் கைப்பிடியால் சுற்றி ஏற்றினால் தண்ணீர் ஓடும், இறக்கினால் நிற்கும். படகோடு வந்த அறுபத்திரண்டு பக்கக் கைநூலை நான் இரண்டு தரம் வாசித்திருந்தேன். அதனால் கீழ்ப் பலகை என் பொறுப்பு.

இரண்டாம் நாள் மாலை ஆறரைக்கு, அன்றைய கடைசி லொக்கில் ஏறினோம். கூரையில் தக்காளிச் செடிகள் வைத்த நீலப் படகு ஒன்று எதிரே வந்தது. எதிரே படகு வந்தால் அவர்களுக்காக மேல்கதவைத் திறந்தே விட்டுப் போகவேண்டும் என்று கைநூலில் இருந்ததை மாமாவுக்கு நான்தான் சொன்னேன். ஆனால் நீலப் படகு இறங்கவில்லை. அதை ஓட்டி வந்த டெனிஸ் என்ற பெண் களைத்துப்போனதாகவும் விடிந்தபின் இறங்கிப் போவதாகவும் சொல்லி, எங்களுக்குப் பின்னாலேயே கட்டினார். முப்பது வயது இருக்கும், தனி ஆள். அம்மா கூப்பிட்டு பிட்டும் சம்பலும் கொடுத்தார். அந்த நீலப் படகுதான் தன் வீடு, ஒரு முறைப்பாட்டுக்காக ஏற்கெனவே எழுத்தில் எச்சரிக்கை வந்திருக்கிறது, இன்னொன்று வந்தால் படகின் உரிமம் போய்விடும் என்று டெனிஸ் சிரித்துக்கொண்டே சொன்னார்.

காலை ஆறு மணிக்குக் கட்டிலோடு சரிந்து எழும்பினேன். கால்வாயில் சேறுதான் இருந்தது. எங்கள் படகு, டெனிஸின் படகு, அதற்கப்பால் ஒரு பச்சைப் படகு, மூன்றும் சாய்ந்து கிடந்தன. லொக்குக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். நான் இறக்கிய பலகை முழுதாக இறங்கவில்லை, நாலு விரல் திறந்திருந்தது. டெனிஸுக்காக விட்டுவந்த மேல்கதவும் மூடப்படாமல் திறந்தபடி இருந்ததால் இரவு முழுக்கத் தண்ணீர் அந்த வழியால் போயிருக்கிறது.

பச்சைப் படகின் நரைத்த மனிதர் டெனிஸைப் பிடித்துக்கொண்டார். நேற்றுக் கடைசியாக லொக்கடியில் நின்றது டெனிஸ்தானாம். தண்ணீரில் ஓசியில் குடியிருக்கிற ஆட்களுக்குப் பொறுப்பு எங்கே இருக்கப்போகிறது என்று கேட்டபடி, கால்வாய் அலுவலகத்துக்கு போன் எடுத்தார். டெனிஸ் கதவைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அந்த மனிதர் கேட்கவில்லை.

நான் உள்ளே போய் வீட்டாருக்குச் சொன்னேன்.

"நீ வாயைத் திறக்காதை," என்றார் அப்பா. "விசாவிலை வந்த ஆக்கள் நாங்கள். பேர் எழுதினால் அது எங்கை எங்கை போகும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

அம்மாதான் கேட்டார்: "அப்ப அந்தப் பிள்ளையின்ரை வீடு? ராத்திரி எங்கடை மேசையிலை இருந்து சாப்பிட்டவளெல்லே."

நான் வெளியே போய், பலகையைச் சரியாக இறக்காதது நான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நரைத்த மனிதர் நம்பவில்லை. டெனிஸ்தான் சின்னப் பிள்ளையைச் சொல்லவைக்கிறார் என்று போனில் சொன்னார்.

அப்போது அப்பா படகிலிருந்து இறங்கி வந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சேர்ட், கமக்கட்டில் பைல். ஆங்கிலத்தில், "என் மகள். உண்மை," என்று மட்டும் சொன்னார். பிறகு தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, பைலைத் திறந்து கடவுச்சீட்டு, பெர்மெஸ்ஸோ, விசாக் கடிதம் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நீட்டினார். அந்த மனிதர் போனைப் பிடித்தபடி காகிதங்களைப் பார்த்தார். அவருடைய முகம் சிவந்துபோனது. "இதெல்லாம் வேண்டாம், ஐயா," என்றார். பிறகு போனில், நீலப் படகைப் பற்றிச் சொன்னதை விட்டுவிடும்படி சொன்னார்.

ஒன்பது இருபதுக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, மேலே இருந்த லொக்கைத் திறந்து தண்ணீர் விட்டார். படகுகள் மிதக்க ஒன்றேமுக்கால் மணித்தியாலம் எடுத்தது. எங்கள் படகின் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டார். பைலை யாரும் கேட்கவில்லை. அப்பா அதை மதியம்வரை கீழே வைக்கவுமில்லை.

டெனிஸ் என்னைக் கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. "கதவை விட்டது நான், பலகையை விட்டது நீ," என்றார். பிறகு படகை லொக்குக்குள் கொண்டுபோய், கைப்பிடியை என் கையில் தந்துவிட்டுச் சுக்கானடியில் போய் நின்றார். தண்ணீர் இறங்கும்வரை ஒரு தடவைகூட நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. என் வேலையைச் சரிபார்க்கவுமில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் பட்டது. தெரியாதவர்களுக்குக் கை காட்டுவது சுலபம். அவர்கள் படகைக் கட்டியிருக்கும் தண்ணீரும் எங்கள் கையில்தான் இருக்கிறது என்பதை நான் வாசித்திருந்தேனே தவிர, யோசித்திருக்கவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: விமானம் ஒருவருக்குப் போய்வர 138 யூரோ. ஐந்து பேர் படுக்கக்கூடிய படகு, நான்கு நாளுக்கு டீசலுடன் 960 பவுண்ட். நாங்கள் போனது 34 கிலோமீற்றர், 22 லொக். விசா தேவையானவர்கள் மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். மழைச்சட்டை, வழுக்காத சப்பாத்து கட்டாயம். லொக்கை விட்டுப் போகமுன் எல்லாப் பலகைகளையும் குனிந்து, கண்ணால் பாருங்கள். கைப்பிடி சுற்றி நின்றதென்று நம்பவேண்டாம்.

அன்று மாலை கட்டிய இடத்தில் நான் லொக்கைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு இன்னொரு தடவை போனேன். இரண்டாவது தடவை அப்பாவும் கூட வந்தார். நான் கீழ்ப் பலகைகளைப் பார்த்தேன், அவர் மேல் பலகைகளைப் பார்த்தார். திரும்பி வந்தபோது ஒன்பது மணி. பற்றரியை மிச்சம்பிடிக்க மாமா படகின் விளக்குகளை அணைத்திருந்தார்.